ரிஸ்கும் 555 புத்தகமும்

(சங்கத்தின் பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



 



ரிஸ்க்கை அல்லாஹ்விடம் நம்புவது, நெருக்கடியான காலத்திலும் நன்றி செலுத்துவது, இதைப் பற்றிப் பேசு என்று செயலாளர் சொன்னார்கள். நான் ஓதிப் படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்து டிப்ளோமா வாங்கிவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையில் வந்து நின்றவன். ஹஜ்ரத் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டேன். "ஹஜ்ரத் மார்க்கத்தைச் சொல்வார்கள், நீ கடையைச் சொல்லு தம்பி" என்றார்கள். அதனால் கடையைத்தான் சொல்லப் போகிறேன். மார்க்கத்தில் எங்காவது தடுக்கினால் ஹஜ்ரத் அவர்கள் பிடித்து நிறுத்துவார்கள் என்ற தைரியம் எனக்கு இருக்கிறது.

ரிஸ்க் என்ற சொல்லைச் சொன்னாலே இப்போதைய பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைத்தான் நினைக்கிறார்கள். அங்கே ரிஸ்க் என்றால் ஆபத்து. நம்முடைய ரிஸ்க், அல்லாஹ் தரும் வாழ்வாதாரம். வியாபாரிக்கு இரண்டும் ஒரே லாரியில்தான் வந்து இறங்கும், அது வேறு விஷயம்.

பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பை அல்லாஹ் தன் மேல் ஏற்றுக்கொண்டதாக சூரா ஹூதில் வருகிறது. எறும்பிலிருந்து யானை வரைக்கும் அதில் அடக்கம். அல்லாஹ்வை நம்பவேண்டிய முறையில் நம்பினால் பறவைகளுக்குக் கொடுப்பதைப் போல நமக்கும் கொடுப்பான், அவை காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பறவை கூட்டைவிட்டுக் கிளம்புகிறது என்பதை ஹஜ்ரத்மார்கள் பல ஜும்ஆக்களில் விளக்கியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பு என்ற செய்தியும் அப்படித்தான். அவற்றை நான் திரும்பவும் சொல்லி நேரத்தை எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். சந்தை எங்கே இருக்கிறது, வழி காட்டுங்கள் என்று கேட்டார்கள். பனூ கைனுகாவின் சந்தைக்குப் போனார்கள். கொஞ்சம் நெய்யும் கொஞ்சம் உலர்ந்த பாலாடைக்கட்டியும் லாபமாகக் கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் அவ்வளவு பெரிய செல்வந்தரான ஸஹாபி, மதீனாவில் தொடங்கியது மளிகைச் சாமானில்தான். இதைச் சொல்லும்போது எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

ஆனால் இந்த வரலாற்றை நாம் பாதியில் இருந்துதான் சொல்கிறோம். "சந்தையைக் காட்டுங்கள் என்றார் பார், அதுதான் உழைப்பு, அதுதான் தன்மானம்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அதற்கு முன்னால் நடந்தது என்ன? மதீனாவாசியான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியை எடுத்து முன்னால் வைத்தார்கள். அதை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் சந்தைக்கு வழி கேட்டது. ஒருவர் பாதியை நீட்டுகிறார், மற்றவர் மறுத்துவிட்டு உழைக்கப் போகிறார். முதல் ஆள் நீட்டாமலே இரண்டாம் ஆளிடம் தன்மானத்தை மட்டும் எதிர்பார்ப்பது நம் ஊரில் அதிகமாக இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவரிடம் "பொறுமையாக இருங்க, அல்லாஹ் கொடுப்பான்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறோம். அல்லாஹ் கொடுப்பான், சந்தேகமே இல்லை. யார் கையால் கொடுப்பான் என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

பாலிடெக்னிக்கில் முதல் பருவத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, வயர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, கடத்துகிறது. விளக்கு எரிந்தால் வயர் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் வயர் அறுந்திருந்தால் எவ்வளவு பெரிய மின்நிலையம் இருந்தாலும் அந்த வீடு இருட்டுதான். கடைக்காரன், முதலாளி, சம்பளம் கொடுப்பவன், வாடகை வாங்குபவன் எல்லோரும் வயர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இளைஞர்களில் சிலர் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாருடைய மளிகைக் கடைக் கடனும் அதில்தான் ஏறும். வாடிக்கையாளர் கையில் ஒன்று, கடையில் ஒன்று. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மாவு என்று எழுதி, சம்பளத்தன்று கூட்டிக் கழிப்பார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியோ ஹஜ்ஜைப் பற்றியோ அல்ல. கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்பதைப் பற்றியது. சூரா அல்பகராவின் 282-வது வசனம். "நம்பிக்கை இருக்கு, எதுக்கு எழுதணும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பிறகு ஆறு மாதம் பேசாமல் இருக்கும் உறவினர்களை நாம் பார்த்திருக்கிறோம். எழுதிவைப்பது அவநம்பிக்கை இல்லை.

அந்த 282-க்கு இரண்டு வசனம் முன்னால், 280-இல், கடன் வாங்கியவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டால் அது இன்னும் நல்லது என்கிறது. எழுதச் சொன்ன வேதமே தவணை கொடுக்கவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து ஓதவேண்டும்.

1998-இல் எனக்கு ஒன்பது வயது. 1997 நடுப்பகுதி வரை ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 50 காசு இருந்தது. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 80 காசைத் தாண்டிப் போனது. அந்த செப்டம்பரில்தான் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப்போட்டது. எனக்கு அப்போது டாலரும் தெரியாது, பொருளாதாரமும் தெரியாது. பருப்பும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை, அவற்றின் விலைச்சீட்டை அத்தா அடிக்கடி கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம். கட்டுமான வேலைக்குப் போனவர்கள் வேலை இல்லாமல் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். கடையில் 555 புத்தகங்கள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கடுக்காக இருந்தன. அத்தா நாலு பேர் முன்னால் யாரிடமும் பாக்கியைக் கேட்கமாட்டார்கள். கடை அடைக்கும் நேரத்தில் தனியாக வந்தால் மெதுவாகச் சொல்வார்கள். பாக்கியில் கொஞ்சம் வந்தது. பல வருடம் கழித்து மகன் வந்து கொடுத்ததும் உண்டு. வராதது வராமலேயே போனது. அதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் கதை மாதிரி ஆகிவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிவாசல் பூட்டப்பட்டது, ஜும்ஆ இல்லை. அதற்குப் பிறகு மார்ச் 27-ஆம் தேதி, மலேசியாவிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு எங்கே போடப்பட்டது? நம் சிம்பாங் ரெங்கத்தில். கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட், இரண்டு இடமும் அடைக்கப்பட்டன. 61 பேருக்குத் தொற்று. 650 குடும்பங்கள், சுமார் 3,570 பேர், வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது. உள்ளே எந்தக் கடையும் திறக்க முடியாது. எல்லாப் பாதைகளிலும் தடுப்பு, போலீஸ், ராணுவம். அதுவரை சிம்பாங் ரெங்கம் என்றால் நெடுஞ்சாலையில் ஒரு வெளிவழி, அன்னாசிப்பழம், தடுப்பு முகாம், அவ்வளவுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வாரம் நாடு முழுக்க நம் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்.

என் கடை தடுப்புக்கு வெளியே இருந்தது. வாடிக்கையாளர்களில் நல்ல பங்கு தடுப்புக்கு உள்ளே. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வரலாம், பத்து கிலோமீட்டருக்குள்தான் என்று வெளியே இருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பணத்தில் ஓடிய வீடுகள் நம்மில் எத்தனை? அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், இங்கே மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர்கள் ஒரு பக்கம். பாலம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது. இரண்டு வருடம்.

உணவுக்கடை நடத்தும் நம் சகோதரர்கள் மேசை நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பொட்டலம் மட்டும் கட்டிக்கொடுத்தார்கள். ஏப்ரல் 24-இல் ரமலான் பிறந்தது. பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சவில்லை. அந்தக் கஞ்சிக்காகவே ஓடிவரும் பிள்ளைகள் இல்லாத ரமலானை இந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்றார்கள்.

சூரா தலாக்கில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அல்லாஹ்வுக்கு அஞ்சி நடப்பவருக்கு அவர் எண்ணிப் பார்க்காத இடத்திலிருந்து ரிஸ்க் வரும் என்று. நான் இதைக் கேட்கும்போதெல்லாம் லாட்டரி விழுந்த மாதிரி ஏதோ வானத்திலிருந்து வரும் என்று நினைத்ததுண்டு. அந்த ஏப்ரலில் எனக்கு வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. குளுவாங்கில் இருக்கும் சீன மொத்த வியாபாரி. நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். போன மாதப் பாக்கியைக் கேட்கப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன். "பழைய கணக்கு அப்படியே கிடக்கட்டும், லாரி வரும்போது புதுச் சரக்கை இறக்கிக்கொள். உன் கடை மூடினால் என் சரக்கை யார் விற்பது?" என்றார், மலாயில். அவர் தவக்குல் பற்றி ஓதியவர் இல்லை. வியாபாரக் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கு என் வழியாக எத்தனை வீட்டு அடுப்பை எரியவைத்தது என்பது அவருக்கே தெரியாது. அவர் கொடுத்த தவணையை வைத்துத்தான் நான் மற்றவர்களுக்குத் தவணை கொடுத்தேன். மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவர் ஆகமாட்டார் என்ற பொருளில் ஹதீஸ் இருக்கிறது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் நான் அவர் வீட்டுக்குப் போய்வருவது அதற்காகத்தான்.

அதே ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு வங்கிக் கடன் தவணைகளைத் தள்ளிவைத்தார்கள். வீட்டுக் கடன், வேன் கடன் எல்லாம் நின்றது. எல்லோரும் ஷுக்ர் சொன்னோம். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. வங்கி நமக்குத் தவணை கொடுத்தால் அது நிம்மதி. நாம் பிறருக்குத் தவணை கொடுக்கவேண்டி வந்தால் மட்டும் அது நஷ்டமா?

முன்காலத்தில் மக்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஒரு மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. சிரமப்படுபவரைக் கண்டால் விட்டுவிடு, அல்லாஹ் நம்மையும் விட்டுவிடக்கூடும் என்று தன் வேலையாளிடம் அவர் சொல்லிவைத்திருந்தார். அல்லாஹ்வும் அவரை மன்னித்தான். கவனியுங்கள், முதலாளி கல்லாவில் இல்லாத நேரத்திலும் அந்த உத்தரவு கடையில் நடந்திருக்கிறது. நம் கடைப் பையனுக்கு நாம் என்ன உத்தரவு கொடுத்துவைத்திருக்கிறோம்?

அடுத்த வருடம், 2021 ஜூன் கடைசியில், வெள்ளைக் கொடி இயக்கம் வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவலாம் என்று. நாடு முழுக்க எத்தனையோ ஜன்னல்களில் பழைய சட்டையும் தலையணை உறையும் தொங்கின. கொடி கட்டியவர்களைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்கு அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. கட்டாதவர்களைப் பற்றித்தான் கவலை. கேட்காமல் இருப்பதால் விவரம் தெரியாதவர் அவர்களை வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வார், முகக்குறியால்தான் கண்டுகொள்ள முடியும் என்று சூரா அல்பகராவில் சிலரைப் பற்றி வருகிறது. நம் சமுதாயத்தில் அப்படிப்பட்ட வீடுகள் அதிகம். வெள்ளைத் துணியை மடித்து அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தவர்கள். கடைக்காரனுக்கு அது தெரிந்துவிடும். ஐந்து கிலோ அரிசி வாங்கியவர் ஒரு கிலோ கேட்பார். பால்மாவு டின்னைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். மீனைக் கேட்டுவிட்டுக் கருவாட்டோடு போவார். வேறு யாருக்கும் தெரியாத இந்தச் செய்தியை அல்லாஹ் நமக்குத் தெரியப்படுத்துகிறான் என்றால், சும்மா தெரிந்துவைத்துக்கொள்வதற்கா?

உலக விஷயத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவரைப் பாருங்கள், அப்போதுதான் இருக்கும் அருளை அற்பமாக எண்ணமாட்டீர்கள் என்பதும் நபிமொழிதான். சிலர் அதைப் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ், நமக்கு அந்த நிலைமை இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பார்க்கச் சொன்னது வேடிக்கை பார்க்க இல்லை.

கொரோனா போய்விட்டது, கஷ்டம் போய்விட்டதா? 2024 ஜூன் 10 அன்று டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. எங்கள் பக்கம் சரக்கு கொண்டுவரும் சின்ன லாரிக்காரர்கள் உடனே கூலியை ஏற்றினார்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளி ஆனது. இதைப் பற்றிக் காப்பிக் கடையில் நம் வியாபாரிகள் புலம்பாத நாள் இல்லை. புலம்பலில் நியாயமும் இருக்கிறது, பக்கத்தில் குளிர்சாதனம் போட்ட சங்கிலிக் கடை வந்து நிற்கும்போது சின்னக் கடைக்கு ஒவ்வொரு நூறு வெள்ளியும் பாரம்தான். ஆனால் அதே 1,700 வெள்ளி என் கணக்கில் செலவு, பணியாளரின் கணக்கில் ரிஸ்க். அவர் அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. நான் "ரிஸ்க் சுருங்கிவிட்டது" என்று சொல்லும் நேரத்தில் அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி நேரத்தில்தான் தவக்குலுக்குச் சோதனை. உதவித்தொகையில் வரும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. அது தட்டுப்படும்போது பின்கட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு "முடிந்துவிட்டது" என்று சொல்ல மனசு தூண்டும். பதுக்குபவர் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது நம்மைப் பார்த்துத்தான். பதுக்கல் வேறொன்றும் இல்லை, அல்லாஹ் நாளைக்குக் கொடுப்பான் என்பதில் சந்தேகம் வந்தவன் செய்வது. யூசுஃப் (அலை) அவர்களும் ஏழு வருட விளைச்சலைச் சேமித்தார்களே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதம் செய்தார். சேமித்தார்கள், பஞ்சத்தில் மக்களுக்குக் கொடுப்பதற்கு. விலை ஏறட்டும் என்று அல்ல.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஹிஜ்ரி 18-இல் மதீனாவைப் பஞ்சம் பிடித்தபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யைத் தொடமாட்டேன் என்று உமர் (ரலி) அவர்கள் இருந்தார்கள். நம் கல்யாண வீடுகளில் நெய்ச்சோறு மிச்சமாகிக் குப்பைத் தொட்டிக்குப் போவதை நானே சப்ளை செய்தவன் என்ற முறையில் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பேருக்குச் சமைக்காதீர்கள் என்று சொன்னால் என் வியாபாரம்தான் குறையும். இருந்தாலும் சொல்கிறேன்.

நன்றி செலுத்தினால் அதிகமாக்கித் தருவதாக சூரா இப்ராஹீமில் வருகிறது. இதை வைத்து, ஷுக்ர் செய்தால் அடுத்த மாதம் விற்பனை கூடும் என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நன்றி செலுத்திய மனிதர்கள் சிலர் கடைசிவரை வாடகைக் கடையிலேயே இருந்து மவுத்தானார்கள். அதிகமாவது எது என்பதை அல்லாஹ் தீர்மானிக்கிறான், என் கல்லாப்பெட்டி தீர்மானிப்பதில்லை. தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு இட்ட கட்டளையைப் பாருங்கள், நன்றியாக வேலை செய்யுங்கள் என்று வருகிறது. நன்றி நாக்கில் ஆரம்பிக்கலாம், கையில் வந்து சேரவேண்டும். வியாபாரிக்குக் கை என்றால் எடைத் தராசும் கடன் புத்தகமும்தான்.

ஆகவே பொன்விழா ஆண்டில் என் வயதுக் கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. வரும் ரமலானுக்கு முன்பாக, ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் இரவு, கடை அடைத்த பிறகு பழைய பாக்கிக் கணக்கைத் திறந்து உட்காருங்கள். இப்போது பலருக்கு அது கைத்தொலைபேசியில் இருக்கும், பரவாயில்லை. கொடுக்க முடிந்தும் இழுத்தடிப்பவர் பெயரைத் தனியாக வையுங்கள், அவரிடம் கேட்பது உங்கள் உரிமை. உண்மையிலேயே முடியாதவர் பெயருக்கு எதிரே புதுத் தேதி போடுங்கள், அல்லது அடித்துவிடுங்கள். அடித்தால் அவருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், தெரியாமல் அவர் நம் கடைப்பக்கம் வராமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கக் கூடாது. அப்படி விட்டதை ஜகாத்தில் கழிக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள், ஹஜ்ரத் இதோ இருக்கிறார்கள்.

சங்க நிர்வாகத்துக்கும் ஒன்று. நல்வாழ்வு நிதிக்கு விண்ணப்பப் பாரம், அடையாள அட்டை நகல், இரண்டு சாட்சி என்று கேட்கிறோம். கணக்குக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. அதோடு சேர்த்து, ஊரில் இருக்கும் நம் கடைக்காரர்கள் "இன்ன தெருவில் இன்ன வீடு" என்று மட்டும் பொருளாளரிடம் காதோடு சொல்லும் ஒரு வழியையும் வையுங்கள். சாமான் என் கடையிலிருந்துதான் போகவேண்டும் என்பதில்லை. எந்தக் கடையிலிருந்து போனாலும், மஃரிபுக்குப் பிறகு, பெயர் சொல்லாமல், புகைப்படம் எடுக்காமல் போகட்டும். முதல் மூன்று மாதத்துக்கு ஆகும் அரிசியை நானும் இன்னும் நாலு கடைக்காரர்களும் ஏற்றுக்கொள்கிறோம், அவர்களிடம் பேசிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.